மூன்றாம் மாடியின் கடைசிக் கதவு

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் என்னைவிட நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு கிடையாது. இதைப் பிரிக்கும்போது அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வா. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், சளி என்றேன். அதற்கு முந்தின ஞாயிறும் அதையே சொன்னேன். சளி இல்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு வாரமும் வாயெடுத்தேன், இரண்டு வாரமும் குட்டி நடுவில் வந்து தன் ஆடுகிற பல்லைக் காட்டினாள், எடுத்த வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் கடிதம். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெம்பில்லை கண்ணு. உன் அப்பா இறந்துவிட்டார். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கடைசி ஒரு வருஷம் நாலு மாதம் அவர் இருந்தது நம் கட்டடத்தில். மூன்றாம் மாடி, கடைசி வீடு. நான் படுக்கிற கட்டிலுக்கு மேலே ஒரு தளமும் நாலு சுவரும்தான் நடுவில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான் என்பார்கள், நான் ஒரு முழு ஆளையே மூன்றாம் மாடியில் மறைத்துவிட்டு வாரா வாரம் உன்னோடு சிரித்துப் பேசியிருக்கிறேன். படிக்கட்டுக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறார்களாமே, வீடியோவில் காட்டு என்று நீ கேட்டபோது வெளிச்சம் போதாது என்றேன் அல்லவா, அந்த நேரத்தில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். உனக்குப் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் நிரப்பக் கொடுத்த பாரம் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாய், நினைவிருக்கிறதா. தகப்பன் தொழில் என்ற இடத்தில் காலமாகிவிட்டார் என்று உன் கையாலேயே எழுதியிருந்தாய். அவர் நம்மை விட்டுவிட்டுப் போய் நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் லிப்ட் மாட்டிக்கொண்டிருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்பது வரைக்கும் நமக்குத் தெரியும். நான் உன்னைத் திட்டவில்லை, திருத்தவும் சொல்லவில்லை, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு உன்னிடம் வந்து அப்பா மேல்மாடியில் இருக்கிறார் என்று சொல்வேன்.

அவர் வந்தது யாரும் திட்டம் போட்டு நடந்ததில்லை. வயதானவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஆயிரம் பேரில் அவரும் ஒருவர், இங்கே ஒரு வீடு காலியானது, வரிசையில் அவர் நம்பர் வந்தது. ஒரு நாள் காய்கறிப் பையோடு கீழே வருகிறேன், லிப்ட் வழக்கம்போல் நின்றிருக்கிறது, இரண்டு பேர் மோட்டாரைக் கழற்றப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் கைத்தடியோடு நின்றிருந்த கிழவர், “மோட்டார்ல ஒன்னும் இல்லப்பா, ரெண்டாம் மாடி கதவு சரியா மூடல, அத பாரு” என்றார். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. அவரும் திரும்பினார். “நீ இங்கயா இருக்க” என்றார். “நான் இங்கதான் இருக்கேன், நீங்கதான் எங்கயோ இருந்தீங்க” என்று சொல்லிவிட்டு இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு படியேறினேன். அவர் சொன்னது சரி என்று சாயங்காலம் வாட்ச்மேன் சொன்னான், கதவுதான் பிரச்சினையாம்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கீழ்த்தளத்து அறைக்குப் போனேன். அந்த அறையைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன், குடியிருப்பவர்களுக்கு உதவி செய்ய என்று ஒரு பெண்ணை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். பென்ஷன், மருந்துச் சீட்டு, மின்சாரம் நின்றுபோனது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம், எதுவாக இருந்தாலும் பாரத்தை எழுதிக் கொடுப்பாள், அதனால் பாரம் அக்கா என்று பெயர் வந்தது. ஊரார் பாரத்தையெல்லாம் சுமப்பதாலும் அதுவே சரியான பெயர் என்று முதல் மாடி சலூன்காரர் சொல்லுவார். என்னைவிட இருபது வயது இளையவள், ஆனாலும் எனக்கும் அக்காதான். அவளிடம் போய் வேறு கட்டடத்துக்கு மாற்றல் வேண்டும் என்றேன். பாரத்தை எடுத்துப் பெயர், வீட்டு எண் எல்லாம் எழுதிவிட்டுக் காரணம் என்ன எழுதட்டும் என்று கேட்டாள். சுவரில் ஈரம் என்று எழுது என்றேன். எழுதினாள், எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “அம்மா, பாரத்த இன்னைக்கே அனுப்பணும்னு இல்ல, டிராயர்ல இருக்கட்டும், எப்ப சொல்றீங்களோ அப்ப அனுப்பறேன்” என்றாள். நான் பிறகு சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்கே பிடிபடவில்லை.

அவருக்கு அதற்குள் நெஞ்சு பலவீனமாகிவிட்டிருந்தது, கால் வீங்கும், இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். பாரம் அக்காதான் அவருக்கு எல்லாம் செய்து கொடுத்தாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்கச் சொன்னாள், மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக வேன் ஏற்பாடு செய்தாள், புதன்கிழமை வருகிற நர்ஸ் முதலில் அவர் காலைத்தான் அமுக்கிப் பார்ப்பாள். நான் புதன்கிழமை பிரஷர் பார்க்கப் போவதை நிறுத்திக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து நர்ஸ் சாயங்காலம் நாலு மணிக்கு என் வீட்டுக்கே வந்து நின்றாள், பாரம் அக்கா அனுப்பினாளாம். நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை அவளிடம். சில பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை கண்ணு.

எங்களுக்குள் பேச்சே கிடையாது. படிக்கட்டில் எதிரே வந்தால் அவர் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவார், நான் போய்விடுவேன். ஒரே ஒரு தரம்தான், தபால் பெட்டிக்குப் பக்கத்தில், தரையைப் பார்த்துக்கொண்டே “பாப்பா எப்படி இருக்கா” என்று கேட்டார். “பாப்பாவுக்கே ஒரு பாப்பா இருக்கு, நாலு வயசு” என்றேன். மூடி இருந்த தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். போட்டோ இருக்கா என்றார். இல்லை என்றேன். என் பர்ஸில் குட்டியும் நீயும் பனியில் நிற்கிற படம் இருந்தது, அந்தப் பர்ஸ் என் கையில்தான் இருந்தது.

போன வருஷக் கடைசியில் கீழே பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். வருகிற முதல் தேதியிலிருந்து குடியிருப்போர் உதவியெல்லாம் போனிலேயே கிடைக்கும், ஒரே எண், இருபத்திநாலு மணி நேரமும் என்று அழகாக அச்சடித்திருந்தது. பாரம் அக்காவுக்கு வேலை போய்விட்டது என்பதை அந்தக் காகிதம் சொல்லவில்லை. கடைசி வாரம் அவள் டிராயர்களைக் காலி செய்து அவரவர் காகிதங்களை அவரவருக்கு உறையில் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலத்தில் வீட்டுப்பாடம் எழுத வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பென்சில். எல்லாவற்றையும் முடித்துவிட்டு எங்களில் ஆறு பேரைக் கூப்பிட்டாள். தனியாக இருக்கிறவர்கள் வீட்டுக் கதவை அவள் தினமும் காலையில் தட்டுவாள் அல்லவா, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள், மாடிக்கு ஒருவராகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். தட்ட வேண்டும், உள்ளே இருந்து பதில் வர வேண்டும், பதில் வந்தால் நோட்டில் டிக் போட வேண்டும், வராவிட்டால் வாட்ச்மேனிடம் சாவி வாங்கிக் கதவைத் திறக்க வேண்டும். “பதில் காதுல விழுந்தா மட்டும் டிக், வேற எதுக்கும் டிக் கிடையாது” என்று இரண்டு முறை சொன்னாள். முதல் மாடியை சலூன்காரர் எடுத்துக்கொண்டார், நம் இரண்டாம் மாடியை எதிர்வீட்டுத் தையல்காரம்மா எடுத்துக்கொண்டாள், எனக்கு மூன்றாம் மாடி மிஞ்சியது. கூட்டம் கலைந்த பிறகு பாரம் அக்கா என் பக்கத்தில் வந்து, “அந்த ஒரு கதவ வேணும்னா வேற ஆளுக்கு மாத்திடட்டுமா” என்று மெதுவாகக் கேட்டாள். கதவுதானே, தட்டினால் போச்சு என்றேன்.

மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறவர்கள் ஐந்து பேர். முதல் வீட்டம்மா நான் தட்டியதும் “இன்னும் சாகல, போ” என்பாள், அதுதான் அவளுக்குக் காலை வணக்கம். இரண்டாவது ஆள் இருமுவார், அவர் இருமலே பதில். கடைசிக் கதவு அவருடையது. முதல் நாள் தட்டினேன், உள்ளே நாற்காலி நகர்ந்தது, அப்புறம் “இருக்கேன்” என்று குரல் வந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாளும் அதே. ஐந்து மாதம், ஒரு நாள் தவறாமல், நான் தட்டுவேன், அவர் இருக்கேன் என்பார், நான் சரி என்பேன். கதவு திறக்கமாட்டார், நானும் நிற்கமாட்டேன். இருபத்திரண்டு வருஷம் இல்லாமல் போன மனிதர் தினமும் காலை எட்டு மணிக்கு இருக்கேன் என்று சொல்வதை நான் படியேறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். முட்டி வலித்தாலும் போனேன். தையல்காரம்மா, நான் வேணா மாடியை மாத்திக்கறேன், உங்களுக்கு ஏறி இறங்கக் கஷ்டம் என்றபோது வேண்டாம் என்றேன். இதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நர்ஸ் வருவது நின்றுவிட்டது, வேனும் நின்றுவிட்டது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்தான். ஒரு நாள் அவரே கதவைத் திறந்தார். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தது, செருப்பு நுழையவில்லை. கையில் போன். “ஒன்ன அமுக்குங்குது, அமுக்கினா மறுபடியும் ஒன்ன அமுக்குங்குது. நான் மாட்டின லிப்டெல்லாம் ரெண்டாவது தடவ அமுக்கினா வந்துடும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அந்த வம்பில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை, மாத்திரையும் தீரப் போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் பார்க்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து போன் செய்தேன், முக்கால் மணி நேரம் பாட்டு ஓடியது, கடைசியில் ஒரு பெண் வந்து மூன்றாவது வாரத்தில்தான் வேன் இருக்கிறது என்றாள். சரி என்று நாட்காட்டியில் குறித்துவைத்தேன். ஒரு டாக்சி பிடித்து அன்றைக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். உன் அப்பாவாக இல்லாமல் அந்த இருமல்காரராக இருந்திருந்தால் போயிருப்பேன். எனக்கென்ன தலையெழுத்தா என்று ஒரு மனசு சொன்னது, அந்த மனசு சொன்னதைக் கேட்டேன்.

அதற்கு அடுத்த வாரம், திங்கட்கிழமை. தட்டியதும் இருக்கேன் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நில்லு என்றார். கதவைத் திறந்து நிலையைப் பிடித்துக்கொண்டு, “பாப்பா உங்கிட்ட பேசும்போது நான் ஒரு ஓரமா நிக்கட்டுமா, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், நான் இருக்கறது அவளுக்குத் தெரியவே வேணாம், அவ குரல் மட்டும் கேட்டா போதும்” என்றார். எங்கிருந்துதான் வந்ததோ எனக்கு அவ்வளவு கோபம். நீ காய்ச்சலில் கிடந்து அப்பா எப்பம்மா வருவாங்க என்று கேட்ட ராத்திரியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நினைவுக்கு வந்துவிட்டது. “அவ அழுதப்ப கேக்காத காது இப்ப என்ன கேக்கப் போவுது” என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சரிதான் என்பது மாதிரி. கதவை அவரேதான் மூடினார், சத்தமில்லாமல்.

மறுநாள் செவ்வாய். நான்கு கதவும் பதில் சொல்லியது. கடைசிக் கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை தட்டினேன். ரேடியோதான் கேட்டது. நேற்று சொன்னதற்குக் கோபம், மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் கழித்து இந்தக் கோபத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று நினைத்தேன். நோட்டை எடுத்து அவர் பேருக்கு நேரே டிக் போட்டேன். அந்த டிக் இப்போதும் நோட்டில் இருக்கிறது கண்ணு. மற்ற நாட்களில் போட்ட மாதிரியேதான் இருக்கிறது, பார்த்தால் வித்தியாசம் ஒன்றும் தெரியாது.

புதன்கிழமை போனபோதும் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதே ஸ்டேஷன், அதே சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவை இரண்டு கையாலும் தட்டினேன், இருபத்திரண்டு வருஷமாகக் கூப்பிடாதவள், ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டேன். முதல் வீட்டம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் வாட்ச்மேனைக் கூப்பிட ஓடினாள். திறந்தால் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே தரையில் கிடக்கிறார், கண் திறந்திருக்கிறது, உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை. பக்கத்துக் கம்பளத்தை இழுத்துத் தன் மேல் பாதி போர்த்தியிருக்கிறார். முந்தின நாளிலிருந்தே அப்படிக் கிடக்கிறார் என்று அந்தக் கம்பளம்தான் சொன்னது. ஆம்புலன்ஸ் வந்தது, குடும்பத்து ஆள் மட்டும்தான் ஏறலாம், நீங்கள் யார் என்று டிரைவர் கேட்டான். சம்சாரம் என்றேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் முப்பது வருஷம் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான். இரண்டு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். சின்ன வயதுப் பையன், “அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா” என்றான். முடியும் என்று அர்த்தமா, முடியாது என்று அர்த்தமா, நான் மறுபடியும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூச்சு ஒரு மாதிரி இழுக்க ஆரம்பித்தது. எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. போனை எடுத்தேன், நீ அனுப்பியிருந்த குரல் பதிவைப் போட்டு அவர் காதில் வைத்தேன். உன்னைக் கேட்கவில்லை, உன் அனுமதி இல்லாமல்தான் செய்தேன், அதற்கு நீ என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அதில் நீ பெரிதாக ஒன்றும் பேசவில்லை. “அம்மா, பிரஷர் மாத்திரை போட்டியா, போடலன்னு தெரிஞ்சுதுன்னா, நான் பிளேன் ஏறி வந்து போட வைப்பேன். குட்டிக்குப் பல்லு ஆடுது, விழுந்தா மறுபடி முளைக்குமான்னு பத்து தடவ கேட்டுட்டா. மழை வருதாமே அங்க, குடை எடுத்துட்டு போம்மா. வச்சிடவா.” அவ்வளவுதான். முடிந்ததும் மறுபடியும் போட்டேன். ஆறேழு முறை போட்டிருப்பேன். அவர் விரல் அசைந்தது என்று பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த பெண் சொன்னாள். எனக்குத் தெரியவில்லை, என் கண் அப்போது எதையும் பார்க்கிற நிலைமையில் இல்லை. நாலு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கட்டடத்தில் உள்ளவர்கள்தான் தூக்கினார்கள். சலூன்காரர் காலையில் கடையைத் திறக்காமல் வந்து அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டார், இருமல்காரர் லிப்ட் வரைக்கும் வந்து நின்றார். பாரம் அக்காவும் வந்தாள். இப்போது ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாளாம், அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். எல்லாம் முடிந்து திரும்பும்போது அவளிடம் மட்டும் டிக்கைப் பற்றிச் சொன்னேன். பரவாயில்லை என்று சொல்லுவாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள். “எனக்கும் அப்படி ஒரு கதவு இருக்கும்மா. நான் வேலைக்கு வந்த முதல் வருஷம், நாலாம் மாடி. டிவி சத்தம் கேட்டுச்சு, இருக்காங்கன்னு போயிட்டேன். அதுக்கப்புறம்தான் ரெண்டு தடவ சொல்ற பழக்கம் வந்தது” என்றாள். கொஞ்ச தூரம் போனதும், “நாளைக்கு மூணாம் மாடிய யாரு தட்டறா” என்று கேட்டாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். நாலு நாள் தையல்காரம்மாதான் இரண்டு மாடியையும் பார்த்தாள். ஐந்தாம் நாள் எழுந்து போனேன். முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். வழக்கமாகச் சொல்கிறதை அவள் சொல்லவில்லை. “நல்லா இருக்கேன்மா, பாத்து இறங்கு” என்றாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது, படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்று சலூன்காரரும் நானும் இந்த வீடுகளை வாடகைக்கு விடுகிற அலுவலகத்துக்குப் போனோம். மறுபடியும் கீழே ஒரு ஆளைப் போடுங்கள் என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய மனு. அதிகாரி நல்லவிதமாகத்தான் பேசினார். நீங்களே மாடி பிரித்துக் கதவு தட்டுகிறீர்களாமே, ரொம்ப நல்ல ஏற்பாடு, மற்றக் கட்டடத்துக்கும் சொல்லலாம் என்று இருக்கிறோம் என்றார். “ஏற்பாடு நல்லாத்தான் இருந்துதுங்க. டிக் போட்டவ நான்தான். எப்ப டிக் போடக் கூடாதுன்னு தெரிஞ்ச ஒருத்தி இருந்தா, அவள நீங்க அனுப்பிட்டீங்க” என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். மனுவில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு அரை நாளாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பார்க்கலாம். அவர் பார்க்கிறேன் என்றதும் அன்றைக்கு உன் அப்பாவிடம் நான் பார்க்கிறேன் என்றதும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது.

வீட்டைக் காலி செய்ய இரண்டு வாரம் கொடுத்தார்கள், இன்னும் மூன்று நாள் இருக்கிறது. பொருள் என்று அதிகமில்லை. அலமாரியில் பாரம் அக்கா கொடுத்த உறை இருந்தது, பிரித்துப் பார்த்தேன். அவரும் வேறு கட்டடத்துக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறார். நான் கேட்ட அதே வாரம். காரணம் என்ற இடத்தில், லிப்ட் சத்தம் தாங்க முடியவில்லை என்று இருக்கிறது. நாற்பது வருஷம் லிப்டுக்குள்ளேயே வாழ்ந்த மனிதருக்கு லிப்ட் சத்தம் தாங்க முடியவில்லையாம். எனக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அவரும், அவர் முகத்தில் விழிக்கக் கூடாது என்று நானும் எழுதிக் கொடுத்ததை அந்தப் பெண் ஒரே டிராயரில் போட்டுப் பூட்டி வைத்திருந்திருக்கிறாள். அவரும் கடைசிவரை அனுப்பு என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

அவர் நல்ல தகப்பன் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் செய்தது செய்ததுதான், அதை நான் மன்னித்தேனா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நீ அழ வேண்டும் என்றும் இல்லை, அழக் கூடாது என்றும் இல்லை. உன் குரலைக் கேட்க அவர் கேட்ட அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் உன்னைக் கேட்காமல் நானே முடிவு செய்துவிட்டேன். முடியாது என்று நீ சொல்லியிருக்கலாம், சரி என்றும் சொல்லியிருக்கலாம். அது நீ சொல்ல வேண்டிய பதில், நான் எடுத்துக்கொண்டேன். என் மேல் கோபம் வந்தால் கோபப்படு. உடனே போன் செய்ய வேண்டாம், ஒரு வாரம் ஆகட்டும், ஒரு மாதம்கூட ஆகட்டும், எப்போது செய்தாலும் எடுப்பேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்த வீட்டில் வேறு ஆள் வந்திருப்பார்கள். உனக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் காலி செய்ய நேரமில்லை. ஸ்பானர் பையை வாட்ச்மேன் கேட்டான், கொடுத்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீலச் சட்டை மாட்டியிருந்தது, திங்கட்கிழமை என்னிடம் கேட்கும்போது போட்டிருந்த சட்டை. அதை மட்டும் எடுத்துவந்து உனக்காக வைத்திருக்கிறேன், வேண்டாம் என்றால் சொல். முப்பது வருஷம் ஆஸ்பத்திரித் துணி துவைத்தவள் நான், எத்தனையோ பேர் போன பிறகு அவர்கள் கிடந்த விரிப்பை யோசிக்காமல் மிஷினில் போட்டவள். இந்த ஒரு சட்டையைத் துவைக்க இரண்டு தரம் வாளிவரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து மடித்து வைத்திருக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஆதரவாக, மனம் விட்டுப் பேசிக்கொண்டு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குட்டி எந்தக் குறையும் இல்லாமல் வளர வேண்டும், பல் விழுந்தால் கட்டாயம் முளைக்கும் என்று நான் சொன்னதாகச் சொல். குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. என் மாத்திரையை நான் தவறாமல் போட்டுக்கொள்கிறேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா